ரம்பம் வாங்குகிறவர் ஒருவர், விரல் கொடுப்பவர் இன்னொருவர்

மில்லில் ஒரு தொழிலாளிக்குக் கையில் அடிபட்டால் டாக்டர் வருவதற்கு முன்னால் ஒரு வார்த்தை வந்துவிடுகிறது. "கவனக் குறைவு" என்ற வார்த்தைதான் அது. ரத்தம் நிற்பதற்குள் மேஸ்திரி அதைச் சொல்லிவிடுகிறார். சாயங்காலம் ஆபீஸில் ரிப்போர்ட் எழுதும்போது குமாஸ்தாவும் அதையே எழுதுகிறார். கார்டிங் யந்திரத்தில் விரல் போனவருக்கும் இந்த வார்த்தை தெரியும். களத்தில் கதிரடிக்கும் யந்திரத்தில் முழங்கை வரை பறிகொடுத்த விவசாயத் தொழிலாளிக்கும் தெரியும்.

இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் இருபது வருஷத்துக்கும் மேலாக ஒரு சண்டை நடந்து வந்திருக்கிறது. சண்டைக்குக் காரணம் ஒரு ரம்பம். நம் தோழர்களில் அநேகர் அந்த யந்திரத்தைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தச் சண்டையில் முதலாளிகள் எடுத்து வைத்த வாதங்களைக் கேட்டால், நம்மூர் மானேஜர் பேசுவது போலவே இருக்கும். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

யந்திரம் இதுதான். ஒரு இரும்பு மேஜை. அதன் நடுவில் ஒரு பிளவு. அந்தப் பிளவின் வழியாக ஒரு வட்ட ரம்பம் பாதி வெளியே தலை நீட்டிக்கொண்டு சுற்றுகிறது. தச்சர் பலகையை மேஜைமேல் வைத்து, தன் இரண்டு கையாலும் ரம்பத்தை நோக்கித் தள்ள வேண்டும். பல கருவிகளில் ஆயுதம் மரத்திடம் போகிறது. இதில் மரமும் கையும் சேர்ந்து ஆயுதத்திடம் போகின்றன. 10 அங்குல ரம்பம் நிமிஷத்துக்கு 4,000 சுற்று சுற்றினால், அதன் பல்லின் வேகம் விநாடிக்கு 53 மீட்டர். மெயில் வண்டி இதில் பாதி வேகம் ஓடினாலே பெரிது.

வெளியிலிருந்து பார்க்கிறவர், "கையைத் தள்ளி வைத்துக்கொண்டால் போயிற்று" என்பார். விஷயம் அப்படி இல்லை. அறுபடும் பலகைக்குள்ளே இறுக்கம் இருக்கிறது. அறுத்து வரும்போதே பிளவு நெருங்கி, சுற்றும் ரம்பத்தின் பின்பக்கத்தைக் கவ்விப் பிடிக்கிறது. உடனே பின்பக்கத்துப் பற்கள் பலகையைத் தூக்கி, அறுக்கிற ஆளை நோக்கியே வீசுகின்றன. பலகையை அழுத்திக்கொண்டிருந்த கை, பிடிமானம் போய், ரம்பத்தின் மேலேயே விழுகிறது. கண் சிமிட்டும் நேரம் கூட ஆகாது. இதில் எந்த இடத்தில் "கவனம்" நுழைய முடியும்?

இதற்குப் பழைய காலத்திலிருந்தே மூன்று பாதுகாப்பு உண்டு. ரம்பத்துக்கு மேலே ஒரு கார்டு. ரம்பத்துக்கு நேர் பின்னால், அறுத்த பிளவு நெருங்காதபடி நிற்கும் ஒரு தகடு. கைக்குப் பதிலாக மரத்தைத் தள்ளுவதற்கு ஒரு தள்ளுகட்டை. மூன்றும் நல்லவைதான். ஆனால் பல வருஷ காலம் கம்பெனிகள் கார்டையும் தகட்டையும் ஒன்றாகச் சேர்த்தே செய்து விற்றார்கள். பலகையில் காடி எடுக்க வேண்டுமானால் முழுவதையும் கழற்றியாக வேண்டும். திரும்ப மாட்டுவதற்குள் வேலை பாதி கெட்டுவிடும். கூலிக்கு வேலை செய்கிறவர் என்ன செய்வார்? கழற்றினதை மூலையில் போடுவார். விபத்து நடந்த ரம்பங்களில் பெரும்பாலானவற்றில் கார்டு மாட்டியிருக்கவில்லை என்று பிறகு கணக்கெடுத்தார்கள். கம்பெனிகள் அதை எடுத்துக்கொண்டு, "பார்த்தீர்களா, கழற்றியது தொழிலாளி" என்றன. கழற்றாமல் வேலை செய்ய முடியாத ஒரு கார்டைச் செய்து விற்றது யார் என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

அமெரிக்க சர்க்காரின் நுகர்பொருள் பாதுகாப்புக் கமிஷன் 2011-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2007, 2008 வருஷங்களில், வருஷம் ஒன்றுக்குச் சுமார் 67,300 பேர் மேஜை ரம்பத்தின் பல் பட்டு வைத்தியத்துக்குப் போயிருக்கிறார்கள். அதில் ஏறக்குறைய 4,000 பேருக்கு விரலோ கையோ துண்டாகிவிட்டது. ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு மேல். இந்தக் காயங்களால் ஏற்படும் நஷ்டம் வருஷத்துக்கு 236 கோடி டாலர் என்று அதே கமிஷன் மதிப்பிட்டது. அமெரிக்காவில் விற்கிற மேஜை ரம்பங்களின் மொத்த விலையை எடுத்துக்கொண்டால் கூட இந்தத் தொகைக்குப் பக்கத்தில் வராது.

இப்போது சண்டைக்கு வருவோம்.

1999-இல் ஆரிகன் மாநிலத்தில் ஸ்டீபன் காஸ் என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டுப் பேடண்ட் வக்கீலாக வேலை பார்த்தவர். பொழுதுபோக்குக்குத் தச்சு வேலை செய்கிறவர். அவருடைய யோசனை எளிமையானது. ரம்பத்தில் ஒரு சிறிய மின்சார அலையை ஓடவிட வேண்டும். காய்ந்த மரம் பட்டால் அந்த அலை மாறாது. மனித உடம்பு பட்டால் மாறும். மாறிய உடனே ஒரு ஸ்பிரிங் விடுபட்டு, ஒரு அலுமினியக் கட்டையை ரம்பத்தின் பல்லுக்குள் தள்ளும். ரம்பம் அலுமினியத்தைக் கடித்துக்கொண்டு நின்றுவிடும். நின்ற வேகத்திலேயே மேஜைக்கு அடியில் இறங்கிவிடும். எல்லாம் ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. நிமிஷத்துக்கு 4,000 சுற்று சுற்றும் ரம்பம் அதற்குள் மூன்றில் ஒரு சுற்று கூடச் சுற்றியிருக்காது. விரலில் ஒரு கீறல் விழும். அதற்கு மேல் இல்லை.

2000-ஆம் வருஷம் அட்லாண்டா நகரில் நடந்த மர யந்திரக் கண்காட்சியில் இதைக் காட்டினார். விரலுக்குப் பதிலாக இறைச்சிக் குழல் ஒன்றைச் சுற்றும் ரம்பத்தில் வைத்துக் காட்டுவது வழக்கம். அது பிழைத்துக்கொண்டது. தன் சொந்த விரலையே வைத்துப் பார்த்தும் இருக்கிறார். விரல் அவரிடமேதான் இருக்கிறது.

பெரிய கருவிக் கம்பெனிகள் எல்லாம் வந்து பார்த்தன. ஆச்சரியப்பட்டன. அவர் தன் கண்டுபிடிப்பை உபயோகிக்க விலையில் 100-க்கு 8 பங்கு ராயல்டி கேட்டார். ஒரு கம்பெனி 2002-இல் ஒப்பந்தம் எழுதும் வரைக்கும் வந்து, கையெழுத்துப் போடாமலே நின்றுவிட்டது. மற்றவர்கள் அவ்வளவு கூட வரவில்லை. "பாதுகாப்பைச் சொன்னால் சரக்கு விற்காது" என்பது கடைத்தெரு வியாபாரிகளின் பழைய நம்பிக்கை. ஆனால் அதற்குப் பின்னால் இன்னொரு பயமும் உண்டு. ஒரு ரம்பத்தில் இந்தக் கருவியைப் பொருத்தி விற்றுவிட்டால், "மற்ற ரம்பத்தில் ஏன் பொருத்தவில்லை?" என்று விரல் போனவர் கோர்ட்டில் கேட்பார். பொருத்தாமலே இருந்துவிட்டால் ஒருவருக்கும் கேட்க வழியில்லை!

கடைசியில் காஸும் அவர் கூட்டாளிகளும் தாங்களே கம்பெனி தொடங்கினார்கள். தைவானில் செய்த முதல் ரம்பங்கள் 2004 இறுதியில் வெளியே வந்தன. அதற்கு முன்பே, 2003-இல், "எல்லா மேஜை ரம்பத்திலும் இது போன்ற பாதுகாப்பு இருக்க வேண்டும் என்று சட்டம் செய்யுங்கள்" என்று கமிஷனிடம் மனுக் கொடுத்திருந்தார்கள். அந்த மனுவின் யாத்திரையைக் கேளுங்கள். 2011-இல் கமிஷன் முதல் அறிவிப்பு வெளியிட்டது. 2017-இல் சட்டத்தின் நகல் வெளிவந்தது. விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் கை வந்து மோதினாலும் காயம் மூன்றரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் நிபந்தனை. 2023-இல் மறுபடி ஒரு திருத்த நகல் வந்தது. மனுக் கொடுத்து இருபது வருஷம் முடிந்தபோதும் சட்டம் வரவில்லை. நாளுக்குப் பத்து என்று அந்த இருபது வருஷத்தைப் பெருக்கிப் பாருங்கள்.

கம்பெனிகளின் சங்கம் கமிஷனின் முன்னால் சொன்ன வாதங்களில் ஒன்று முக்கியமானது. "வாங்குகிறவருக்குச் சுதந்திரம் இருக்க வேண்டும். பாதுகாப்பு வேண்டுமானால் அதிக விலை கொடுத்து அதை வாங்கட்டும். வேண்டாமானால் மலிவான ரம்பத்தை வாங்கட்டும். அதில் சர்க்கார் ஏன் தலையிட வேண்டும்?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. வீட்டுக் கொட்டகையில் பொழுதுபோக்குக்கு நாற்காலி செய்கிறவர் விஷயத்தில் அது ஓரளவு நியாயமும் கூட. அவர் காசு, அவர் ரம்பம், அவர் விரல். ஆனால் கூலிக்கு வேலை செய்கிறவர் விஷயத்தில் அந்த மூன்றும் ஒருவருடையதல்ல. காசு காண்ட்ராக்டருடையது. ரம்பம் காண்ட்ராக்டருடையது. விரல் மட்டும்தான் தொழிலாளியுடையது. கடைக்குப் போய், இரண்டு ரம்பத்தையும் பார்த்து, விலை கேட்டு, "சுதந்திரமாக"த் தேர்ந்தெடுத்து வந்தவரின் கை அந்த மேஜையின் மேல் ஒரு நாளும் படப்போவதில்லை.

இது வெறும் வாதம் அல்ல. பாஸ்டன் நகரக் கோர்ட்டில் நடந்த வழக்கே சாட்சி. 2005-இல் அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில், வீடுகளுக்கு மரத் தளம் போடும் ஒரு தொழிலாளிக்கு மேஜை ரம்பத்தில் இடது கை சிதைந்தது. அவர் வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர். ரம்பத்தை அவர் வாங்கவில்லை; அவருடைய முதலாளி கடையில் வாங்கி வந்தது. விலை 200 டாலருக்கும் குறைவு. கம்பெனி வக்கீல்கள் வழக்கம் போல, "கார்டு இல்லாமல் அறுத்தார், கவனக் குறைவு" என்றார்கள். "அந்தக் கருவியைப் பொருத்தினால் ரம்பம் கனத்துவிடும், விலை ஏறிவிடும்" என்றார்கள். ஜூரிகள் இதை எல்லாம் கேட்டார்கள். தொழிலாளியின் மேல் 100-க்கு 35 பங்கு தப்பு என்று ஒப்புக்கொள்ளவும் செய்தார்கள். ஆனால் ரம்பத்தின் அமைப்பே கோளாறானது என்று 2010-இல் தீர்ப்புச் சொல்லி, 15 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். 2011-இல் மேல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. "தெரிந்திருந்தும் பொருத்தவில்லை" என்பதுதான் விஷயம். கவனக் குறைவு என்ற வார்த்தை அன்றைக்கு முதல் தடவையாகக் கம்பெனியின் பக்கம் திரும்பியது.

அமெரிக்க முதலாளிகளுக்கு இந்த நாடகம் புதிதல்ல. அந்த நாட்டு ரயில்வேயில் முன்பு ஒரு பெட்டியையும் இன்னொரு பெட்டியையும் கோப்பதற்கு, நகர்ந்து வரும் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் ஒரு தொழிலாளி நின்றுகொண்டு, இரும்பு வளையத்தைக் கையால் பிடித்து, ஆணியைச் செருக வேண்டும். ரயில்வேத் தொழிலாளியைக் கை விரலை எண்ணியே கண்டுபிடித்துவிடலாம் என்ற நிலை இருந்தது. 1873-இலேயே ஈலி ஜேனி என்பவர் தானாகவே கோத்துக்கொள்ளும் கொக்கியைக் கண்டுபிடித்துப் பேடண்ட் வாங்கிவிட்டார். கம்பெனிகள் என்ன சொன்னார்கள்? செலவு அதிகம், ஆட்கள் கவனமாக இருந்தால் போதும் என்றார்கள்! ரயில்வேத் தொழிலாளர் சங்கங்களும், அயோவா மாநிலத்து லொரென்ஸோ காஃபின் போன்ற கிளர்ச்சிக்காரர்களும் வருஷக்கணக்காகக் கத்தினார்கள். 1893-இல் சட்டம் வந்தது. அப்போதும் கம்பெனிகள் அவகாசம் கேட்டு 1900 வரைக்கும் இழுத்தார்கள். சட்டம் அமலான பிறகு, பெட்டி கோக்கும்போது சாகிறவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. தொழிலாளிகள் திடீரென்று கவனசாலிகளாகிவிட்டார்களா? இல்லை. கொக்கி மாறியது.

அங்கே கொக்கிக்கு இருபது வருஷம். இங்கே ரம்பத்துக்கு இருபது வருஷம் போதவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, காஸை நாம் மாலை போட்டு ஊர்வலம் விட வேண்டியதில்லை. கம்பெனிகள் சொன்ன இன்னொரு வாதத்தில் உண்மை உண்டு. "சட்டம் வந்தால் இந்த ஒரு மனிதரின் ஏகபோகம் ஆகிவிடும்" என்றார்கள். ஏகபோகம் பற்றி அவர்கள் பேசுவது வேடிக்கைதான். ஆனால் பேடண்டுகள் ஒன்றிரண்டல்ல, ஏராளமாக வாங்கி வைத்திருந்தார் அவர். பாஷ் கம்பெனி வேறொரு முறையில், ரம்பத்தைக் கெடுக்காமலே கீழே இறக்கிவிடும் ஒரு யந்திரத்தை 2016 வாக்கில் சந்தைக்குக் கொண்டுவந்தது. காஸின் கம்பெனி வழக்குப் போட்டது. 2017 ஜனவரியில் அமெரிக்க சர்வதேச வர்த்தகக் கமிஷன் அந்த ரம்பத்தின் இறக்குமதியைத் தடுத்துவிட்டது. விரலைக் காப்பாற்றும் இரண்டாவது யந்திரத்தைக் கடையிலிருந்து விரட்டியது, விரலைக் காப்பாற்றும் முதல் யந்திரத்தின் சொந்தக்காரர்! அதே 2017-இல் அவருடைய கம்பெனியை ஒரு பெரிய ஜெர்மன் கருவி ஸ்தாபனம் வாங்கிக்கொண்டது. 2024-இல்தான், "சட்டம் அமலானால் எங்கள் முக்கியமான பேடண்ட் ஒன்றைப் பொதுவுக்கு விட்டுவிடுகிறோம்" என்று வாக்குக் கொடுத்தார்கள். சட்டம் வந்தால்தான்.

முதலில் வாங்க மறுத்தவர்களுக்கும், பிறகு விற்க விடாமல் தடுத்தவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது ஒரே கைதான்.

அந்த ரம்பத்தை வாங்கி உபயோகித்தவர்களின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஈரமான மரத்தை அறுத்தாலோ, மரத்துக்குள் ஆணி இருந்தாலோ, சில சமயம் யந்திரம் அதை விரல் என்று நினைத்து நின்றுவிடுகிறது. நின்றால் அலுமினியக் கட்டையும் போச்சு, ரம்பமும் போச்சு. இரண்டும் புதிதாக வாங்க வேண்டும். அப்படிப்பட்ட மரத்தை அறுக்கும்போது காவலை நிறுத்தி வைக்க ஒரு சாவி கொடுத்திருக்கிறார்கள். பலகை எகிறி நெஞ்சில் அடிப்பதை அது தடுக்காது. அதற்குப் பின்பக்கத்துத் தகடுதான் வேண்டும். விலையும் சாமானியருக்கு எட்டாது. மலிவான ரம்பத்தைப் போல நாலைந்து மடங்கு. இதெல்லாம் மெய். சட்டம் வந்து எல்லாக் கம்பெனியும் செய்தாக வேண்டும் என்றால் அந்த விலை அப்படியே நிற்குமா என்பதுதான் கேள்வி.

நம் ஊரில் இந்தச் சண்டை தொடங்கவே இல்லை. தொடங்குவதற்கு மேஜை ரம்பமே சரியாக இல்லை. கட்டிட வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். கையில் பிடித்து அறுக்கும் கட்டரைக் கவிழ்த்து, ஒரு பிளைவுட் பலகைக்கு அடியில் திருகி, நடுவில் ஒரு பிளவு வெட்டி, ரம்பத்தை வெளியே நீட்டியிருப்பார்கள். சுவிட்சை டேப் சுற்றி அழுத்தியே கட்டியிருப்பார்கள். நிறுத்த வேண்டுமானால் பிளக்கைப் பிடுங்க வேண்டும். அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வடக்கேயிருந்து வந்த ஒரு பையனோ நம் பக்கத்து ஆசாரியோ ரீப்பர் கிழித்துக்கொண்டிருப்பார்.

சில மாதங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு ஆசாரியுடன் கட்டர் வாங்க ஒரு கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் பெட்டியைப் பிரித்தார். பிளேடைக் காட்டினார், கார்பன் பிரஷ்ஷைக் காட்டினார். கார்டை எடுத்து மேஜைக்குக் கீழே போட்டார். "இது உங்களுக்கு வேண்டாண்ணே, இடைஞ்சல். எல்லாரும் கழட்டித்தான் மாட்டுறாங்க" என்றார். கெட்ட மனிதர் அல்ல. தெரிந்ததைச் சொன்னார். ஆசாரியும் தலையாட்டினார். அவருடைய ஆள்காட்டி விரல் ஏற்கெனவே நுனியில் ஒரு கணு குறைவு. பணம் கொடுத்தது காண்ட்ராக்டரின் மைத்துனர். அவர் வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1948-ஆம் வருஷத்து ஃபாக்டரி சட்டத்தின் கீழ் எழுதிய விதிகளில் மர யந்திரங்களுக்கென்றே தனி அட்டவணை இருந்தது. வட்ட ரம்பத்துக்குப் பின்னால் தகடு, மேலே கார்டு, கைக்குத் தள்ளுகட்டை, எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஃபாக்டரி என்றால் மின்சாரம் இருந்து பத்துப் பேராவது வேலை செய்ய வேண்டும் என்று வைத்திருந்தார்கள். நாலு பேர் வேலை செய்யும் பட்டறையும், பிளைவுட் பலகையும் அதற்கு வெளியே.

விரல் போன பிறகுதான் சட்டம் கணக்காகப் பேசியது. 1923-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கை விரலுக்கு விலைப் பட்டியலே உண்டு. கட்டை விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 100-க்கு 30 நஷ்டம். ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14. ஒரு கையின் நாலு விரலும் போனால் 50. ஆள்காட்டி விரல் இல்லாமல் உளியைப் பிடிக்கும் தச்சரிடம், "உனக்கு 14 பங்குதான் போயிற்று, மீதி 86 பங்கு பத்திரமாக இருக்கிறது" என்று யார் போய்ச் சொல்வது?

யந்திரத்தைச் செய்பவரையும் விற்பவரையும் பிடிக்க முடியாது என்பதும் பொய். பஞ்சாப், ஹரியானா வயல்களில் கதிரடிக்கும் யந்திரத்தில் விவசாயத் தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாகக் கை இழந்தபோது, 1983-இல் பார்லிமெண்ட் அபாயகரமான யந்திரங்கள் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. அதில் பொறுப்பு தொழிலாளியின் தலையில் மட்டும் விழவில்லை. யந்திரத்தைச் செய்பவர் மேலும், விற்பவர் மேலும் விழுந்தது. கதிரடிக்கும் யந்திரத்துக்குச் செய்தது ரம்பத்துக்கு ஏன் ஆகாது? கார்டு இல்லாத ரம்பத்தைக் கடையில் விற்கவே கூடாது, கார்டைக் கழற்றி வைத்துவிட்டு விற்கிற கடைக்காரர் லைசென்ஸை இழக்க வேண்டும் என்று ஒரு வரி எழுத எத்தனை காலம் ஆகும்?

அது வரும் வரைக்கும், தச்சுத் தொழிலாளர் சங்கத்துத் தோழர்கள் காண்ட்ராக்டரிடம் கூலி பேசப் போகும்போது ரம்பத்தையும் சேர்த்துப் பேசலாம். சுவிட்சுக்கு டேப் சுற்றிய யந்திரத்தில் உட்கார மாட்டோம் என்று சொல்லலாம். பின்பக்கத்துத் தகடு ஒரு கொல்லுப் பட்டறையில் அரை நாளில் அடித்துத் தருகிற சாமான்தான். ரம்பத்தின் உடம்பை விடக் கொஞ்சம் தடிமனாகவும், அறுத்த பிளவை விட மெல்லியதாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தள்ளுகட்டைக்குக் காசே வேண்டாம், பட்டறையில் கிடக்கிற துண்டு மரம் போதும். அன்றைக்குக் கடையை விட்டு வெளியே வந்த பிறகு, நானும் ஆசாரியும் திரும்பிப் போய் அந்தக் கார்டைக் கேட்டு வாங்கினோம். "அதுக்கும் சேத்துத்தானே விலை?" என்று ஆசாரி கேட்டார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே மேஜைக்கு அடியில் குனிந்தார். அங்கே அது போல ஒரு கோணி நிறையக் கிடந்தது.